மலையில் இருந்துகொண்டே கோடிங் கற்கிறீர்களா? கூடப் படிக்க ஆள் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் இருந்துகொண்டு புரோகிராமிங் கற்க நினைப்பவர்களுக்குப் பாடத்துக்குக் குறைவே இல்லை. போனைத் திறந்தால் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்குத் தமிழிலேயே வகுப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. குறை வேறு இடத்தில். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எரர் வந்து நிற்கும்போது, "உங்களுக்கும் இப்படி வந்துச்சா?" என்று கேட்க ஆள் கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் ஒரு சென்டரில் சேர்ந்து நாலு பேரோடு உட்கார்ந்து படித்துவிடுவார். குன்னூர், கோத்தகிரிக்காரர் அதற்காகத் தினமும் மலை இறங்கி ஏற முடியாது. மஞ்சூரிலும் பந்தலூரிலும் இருப்பவருக்கு ஊட்டியே தூரம். இப்படித் தனியாக ஆரம்பித்து, லூப் பாடம் வரை வந்து, ஃபங்ஷன் பாடத்தில் சிக்கி, "நமக்கு இதெல்லாம் வராது" என்று மூடி வைத்தவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் அந்த ஒரு எரரைத் தாண்டியிருப்பார்கள்.

ஆள் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான். நான் முதலில் பார்க்கச் சொல்வது அவருடைய நேரத்தை. நம்மைவிடக் கொஞ்சம் தெரிந்தவரோடும் தெரியாதவரோடும் படித்துவிடலாம். நாம் ஃப்ரீயாக இருக்கும்போது அவர் ஃப்ரீயாக இல்லை என்றால் எவ்வளவு நல்லவரானாலும் இரண்டே வாரத்தில் கை நழுவிவிடும். மலையில் நம் நேரத்தைத் தீர்மானிப்பவை பஸ், கரண்ட், மழை, சீசன். இந்த வழிகாட்டி முழுக்க அதை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

தேடும் முன்: உங்களைப் பற்றி நாலு வரி

ஒரு நோட்டில் நாலு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். என்ன கற்கிறீர்கள், எதற்காக, எதுவரை வந்திருக்கிறீர்கள், எந்த நேரம் உங்களுடையது.

புரோகிராமிங் மொழி ஒன்றாக இருக்க வேண்டும். ஜாவா படிப்பவரும் பைத்தான் படிப்பவரும் ஆரம்பத்திலேயே ஜோடி சேர்ந்தால் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லலாமே தவிர எரரைத் தீர்க்க முடியாது. எதை எடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லையா? வெப்சைட் செய்யும் ஆசை இருந்தால் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். வேறு எதுவானாலும் பைத்தானில் ஆரம்பியுங்கள். பைத்தானைச் சொல்ல உள்ளூர்க் காரணமும் உண்டு: தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் இருப்பது அதுதான். நம் ஊரில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

மொழியோடு பாடத்திட்டமும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் வகுப்புத் தளமான என்பிடெல்லில் சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வார பைத்தான் வகுப்பு இருக்கிறது. படிக்கக் காசு வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். என்பிடெல் வகுப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். வாரா வாரம் அசைன்மெண்ட் கெடு வைத்து வரும், அந்தக் கெடுவே இருவரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆள் தேடுவதற்கு டிசம்பர் கடைசியும் ஜூன் கடைசியும் நல்ல நேரம் என்று சொல்வது அதனால்தான். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம். டவுன்லோட் செய்து வைத்தால் நெட் இல்லாத நாளிலும் ஓடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற ஆன்லைன் வகுப்பு கடினமானது, ஆனால் அதை முடித்தவருக்கு வேர் ஆழமாக இறங்கியிருக்கும். வெப்சைட் பக்கம் போகிறவர்களுக்கு ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசத் தளம். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஆறு மாதத்தில் வேலை வேண்டும் என்பவரும், அப்பாவின் தேயிலைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பவரும் ஒரே வேகத்தில் ஓட மாட்டார்கள். இரண்டு காரணமும் நல்ல காரணம்தான், ஒன்றை இன்னொன்றோடு கட்டிப்போட்டால்தான் வம்பு.

நேரத்தை எழுதும்போது ஆசையை எழுத வேண்டாம். "தினமும் மூன்று மணி நேரம்" என்று எழுதுகிறவர் பத்து நாளில் காணாமல் போவார். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் போதும். விடியற்காலை ஐந்து மணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் டிசம்பரையும் ஜனவரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில் கீபோர்டில் விரல் ஓடாது. லாட்ஜ், கடை, டாக்ஸி என்று சீசனை நம்பிப் பிழைப்பவராக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் படிப்பு நடக்காது என்பதை இப்போதே எழுதிவையுங்கள். கொழுந்து வரத்து அதிகமாகும் காலத்தில் தோட்டத்து வீடுகளிலும் அப்படித்தான். இந்த இடைவெளிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் மனக்கசப்பு வராது.

எங்கே தேடுவது: முதலில் அக்கம்பக்கம்

ஆன்லைனில் உலகமே இருக்கும்போது உள்ளூரில் எதற்குத் தேட வேண்டும்? பஸ் நின்றால் இருவருக்கும் நிற்கும், கரண்ட் போனால் இருவருக்கும் போகும் என்பதால்தான். "இன்னைக்கு ஏன் வரல?" என்ற கேள்விக்கே இடமிருக்காது.

முதலில் கல்லூரிகள். ஊட்டி அரசு கலைக் கல்லூரி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கூடலூர் அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் பிள்ளைகளை நேரடியாகவோ தெரிந்தவர் மூலமோ கேளுங்கள். கணினி அறிவியல் மாணவர்தான் வேண்டும் என்றில்லை. பி.காம், கணிதம், இயற்பியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வர ஆசைப்படுபவர்தான் பெரும்பாலும் உங்களைப் போலவே தனியாகத் தவித்துக்கொண்டிருப்பார். நீங்கள் கல்லூரியை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருந்தாலும் கூச்சப்பட வேண்டாம். துறைத் தலைவரைப் பார்த்து, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேளுங்கள்.

அடுத்து நூலகம். ஊட்டி மாவட்ட மைய நூலகத்திலும், மற்ற ஊர்களின் கிளை நூலகங்களிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தினமும் வந்து உட்காருவார்கள். ஒழுங்காக நேரத்துக்கு வரும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களில் யாராவது ஒருவருக்குக் கோடிங் ஆசை இருக்கும். நூலகரிடம் சொல்லி வைத்தால் அவரே கைகாட்டுவார்.

இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பியையும் அக்காவையும் நாம் கவனிப்பதே இல்லை. நாள் முழுக்க எக்ஸெல்லோடும் ஃபார்மோடும் மல்லாடுகிறவர்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பு அவர்களுக்குத் தெரியும், அந்தச் சலிப்பைப் போக்கத்தான் புரோகிராமே எழுதுகிறோம். இப்படிப்பட்ட ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பள்ளிகளையும் மறக்க வேண்டாம். பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் என்று பாடமாகவே படிக்கிறார்கள். பள்ளி மாணவரோடு சேர்ந்து படிப்பதாக இருந்தால் அவருடைய பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்தே, பள்ளியிலோ நூலகத்திலோ மட்டும் சந்தியுங்கள்.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹட்டியில் (படுகர் ஊரில்) வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருப்பார். பெங்களூரு கம்பெனி, நல்ல அனுபவம். அவரைப் படிப்புத் துணையாக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு நேரம் இருக்காது, உங்களுக்கும் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கும். அவர் வழிகாட்டி. மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், எழுதி வைத்த கேள்விகளோடு போய்ப் பாருங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார். கூடப் படிக்கிறவர் உங்களைப் போலவே முட்டி மோதுகிறவராக இருப்பதுதான் நல்லது.

உள்ளூரில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் ஆன்லைன். தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதியும் கற்றுக்கொடுத்தும் வரும் கணியம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் கூடும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஆகியவற்றில் தமிழிலேயே பேசலாம், கேட்கலாம். அங்கே போய் முதல் நாளே "எனக்குத் துணை வேண்டும்" என்று கேட்பதைவிட, இரண்டு மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து, உங்கள் அளவிலேயே கேள்வி கேட்கிறவர் யார் என்று பார்த்து, அவரிடம் தனியாகப் பேசுங்கள். எக்ஸர்சிசம் என்ற இலவசத் தளத்தில் பைத்தானுக்கு மட்டும் 100-க்கு மேல் பயிற்சிகள் உண்டு. எழுதிய கோடைப் (புரோகிராம் வரிகளை) பார்த்துக் கருத்துச் சொல்லத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள்.

நூற்றுக்கணக்கானோர் இருக்கும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்ந்தால் படித்த மாதிரி ஒரு நிறைவு வரும், படிப்பு நடக்காது. ஒருவர் போதும். மிஞ்சினால் மூன்று பேர்.

எப்படிக் கேட்பது

"ஹாய், கோடிங் பார்ட்னர் வேணும்" என்ற மெசேஜுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். முன்னால் எழுதி வைத்த நாலு வரியை அப்படியே பேச்சுத் தமிழில் அனுப்புங்கள். உதாரணத்துக்கு:

"வணக்கம் அக்கா. நான் அரவேணு பக்கம் இருக்கேன். பி.காம் முடிச்சிருக்கேன். பைத்தான் படிச்சிட்டு இருக்கேன். லூப் வரைக்கும் வந்துட்டேன், ஃபங்ஷன்ல ரிட்டர்ன் எதுக்குன்னு இன்னும் பிடிபடல. திங்கள், புதன், வெள்ளி ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். லேப்டாப் இருக்கு, நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட்தான். ரெண்டு வாரம் சேர்ந்து படிச்சுப் பார்க்கலாமா? ஒத்து வரலன்னா தாராளமா சொல்லிடலாம், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

இதில் இரண்டு வரி முக்கியம். எது புரியவில்லை என்று சொன்ன வரி: படிப்பவருக்கு "எனக்கும் அதேதான்" என்றோ "அது எனக்குத் தெரியுமே" என்றோ உடனே தோன்றும். கடைசி வரி: விலகிக்கொள்ள வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நம் ஆட்கள் தைரியமாகச் சரி என்பார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லச் சங்கடப்பட்டே பலர் ஆரம்பத்திலேயே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

முன்பின் தெரியாதவரோடு சேர்வதாக இருந்தால் முதல் சில சந்திப்புகள் பொது இடத்தில், பகலில் இருக்கட்டும். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் பெண்களோடு சேர்ந்து படிக்க விரும்பினால் அதை மெசேஜிலேயே எழுதிவிடலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைன் ஆள் யாராக இருந்தாலும் ஓடிபி சொல்லாதீர்கள், கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப் எதையும் அவர் சொன்னார் என்று போடாதீர்கள். படிப்பு பேச வந்தவர் "வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு" என்று ஆரம்பித்தால் அந்த நிமிஷமே பிளாக் செய்யுங்கள்.

முதல் சந்திப்பு

நேரில் சந்திக்க இடம் தேர்ந்தெடுக்கும்போது இருவருக்கும் நேர் பஸ் இருக்கும் ஊராகப் பாருங்கள். கூடலூரில் இருப்பவரும் குன்னூரில் இருப்பவரும் ஊட்டியில் சந்திக்கலாம் என்று பேச நன்றாக இருக்கும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர், அதுவும் மலைப்பாதை. வாரா வாரம் நடக்காது. அப்படிப்பட்ட ஜோடி மாதம் ஒருமுறை நேரில், மற்ற நாள் ஆன்லைனில் என்று வைத்துக்கொள்ளட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் சாயங்காலம் இருட்டினால் காட்டெருமை ரோட்டுக்கு வந்துவிடும், பந்தலூர் பக்கம் யானை. நாலரை மணிக்கு மூட்டை கட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் "என்ன படிக்கலாம்" என்று பேசியே போய்விடக் கூடாது. பேச்சு பதினைந்து நிமிஷம், மீதி முழுக்க ஒரே லேப்டாப்பில் சேர்ந்து ஒரு சின்ன புரோகிராம். மென்பொருள் கம்பெனிகளில் ஜோடியாக உட்கார்ந்து எழுதும் முறை ஒன்று உண்டு. கென்ட் பெக் போன்றவர்கள் 1990-களின் கடைசியில் அதைப் பரவலாக்கினார்கள். ஒருவர் டைப் செய்வார். இன்னொருவர் கீபோர்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டே, அடுத்து என்ன, எங்கே தப்பு என்று சொல்வார். இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். கற்பவர்களுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரிந்து இல்லை.

எப்படி நடக்கும் என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். தேயிலைக் கொழுந்து எடைக் கணக்கு. காலையில் பறித்தது எத்தனை கிலோ, மாலையில் எத்தனை கிலோ என்று கேட்டு, மொத்தம் சொல்ல வேண்டும். டைப் செய்கிறவர் இன்புட் என்ற கட்டளையில் இரண்டு எண்களையும் வாங்கி, கூட்டி, பிரின்ட் செய்கிறார். காலை 12, மாலை 15 என்று கொடுக்கிறார்கள். திரையில் 1215 என்று வருகிறது.

தனியாக இருந்தால் இந்த இடத்தில் கோடை அப்படியே காப்பி செய்து எங்காவது கேட்டு, திருத்திய வரியை ஒட்டிவிட்டுப் போயிருப்போம். இருவர் இருக்கும்போது நடப்பது வேறு. பார்த்துக்கொண்டிருப்பவர் சொல்வார்: "கூட்டல பாருங்க, பக்கத்துல பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கு." டைப் செய்கிறவர்: "அப்போ இதை எண்ணாவே நினைக்கலையா?" உடனே ஒருவர், எது எந்த வகை என்று சொல்லும் டைப் என்ற ஃபங்ஷனைப் போட்டுப் பார்க்கச் சொல்வார், எஸ்டிஆர் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர்) என்று பதில் வரும். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும், இன்ட் போட்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட முடியும் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். அந்தப் பாடம் பிறகு மறக்கவே மறக்காது. எடை பன்னிரண்டரை கிலோ வந்தால் இன்ட் உதைக்கும், ஃப்ளோட் (தசம எண்) வேண்டும் என்று அடுத்த கேள்வி தானாக வரும். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். ஏன் என்று தேடிப் படித்துவிட்டு வருவது வீட்டுப்பாடம். எடையைக் கிராமில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னால், அந்த ஜோடி நன்றாகத் தேறும்.

பார்க்கிறவர் கீபோர்டைப் பிடுங்கக் கூடாது. விடை தெரிந்தாலும் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். "இந்த வரி என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கலாம், "தள்ளுங்க நான் போடறேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்தப் பழக்கத்தை முதல் நாளே வைத்துவிட்டால் அளவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறவர்களும் சேர்ந்து படிக்கலாம்.

எந்த மொழியில் மனசுக்குள் யோசிக்கிறீர்களோ அதிலேயே பேசுங்கள். இருவரும் படுகு பேசுகிறவர்கள் என்றால் படுகிலேயே விளக்கிக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து வரட்டும். இங்கிலீஷில் பேசினால்தான் கோடிங் வரும் என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது படிப்பைத்தான் கெடுக்கும்.

வார ஓட்டம்

இரண்டு வாரச் சோதனை முடிந்து தொடர்வது என்று முடிவானால், வாரத்தில் மூன்று நாளையும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். ஒருநாள் இருவரும் தனித்தனியாகப் பாடத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுவது. ஒருநாள் ஒரே பயிற்சியைத் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுவது. எக்ஸர்சிசம் இதற்கு ரொம்பப் பொருத்தம். நீங்கள் பதினைந்து வரியில் எழுதியதை அவர் ஐந்து வரியில் எழுதியிருப்பார், அந்த ஐந்து வரியைப் படிப்பதுதான் அன்றைய பாடம். ஒருநாள் ஜோடியாக எழுதுவது.

சான்றிதழ் தரும் வகுப்பாக இருந்தால் எதுவரை உதவலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎஸ்50-யில் விதி தெளிவாக இருக்கிறது: உதவி கேட்கும்போது உங்கள் கோடை இன்னொருவருக்குக் காட்டலாம், அவருடைய கோடை நீங்கள் பார்க்கக் கூடாது. சான்றிதழ் இல்லாத படிப்புக்கும் இதை நான் சிபாரிசு செய்வேன். ஒப்பிடுவதெல்லாம் இருவரும் முடித்த பிறகுதான்.

மழை, கரண்ட், சிக்னல்

ஜூனிலிருந்து கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும், அப்புறம் டவரும் போகும். இதற்காகப் படிப்பு நிற்க வேண்டியதில்லை, ஏற்பாடு இருந்தால் போதும்.

முதல் ஏற்பாடு கிட். லினஸ் டொர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இந்தக் கருவி நெட் இல்லாமலே உங்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும். சிக்னல் வந்ததும், கோடை ஆன்லைனில் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்புக்குத் தள்ளிவிட்டால், அவர் தன் வீட்டில் சிக்னல் வரும்போது எடுத்துக்கொள்வார். இருவரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆரம்பத்தில் தலை சுற்றும். கமிட் (பதிவது), புஷ் (தள்ளுவது), புல் (எடுத்துக்கொள்வது) என்ற மூன்றை மட்டும் முதல் மாதத்தில் பழகுங்கள்.

ஆன்லைனில் ஜோடியாக எழுதும்போது வீடியோவில் ஸ்கிரீனைக் காட்டினால் ஹாட்ஸ்பாட் தாங்காது. புரோகிராம் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் லைவ் ஷேர் என்று ஒரு இணைப்பு உண்டு. ஒருவர் அடிக்கும் எழுத்து மட்டும் மற்றவர் திரைக்குப் போகும், அதனால் டேட்டா குறைவு. குரலுக்குச் சாதாரண போன் காலே போதும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கட் ஆகிவிடும், இருவர் மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

வாட்ஸ்அப்பில் கோடை அப்படியே ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறியையும் அடிக்கோட்டையும் அது எழுத்தைத் தடிமனாக்கவும் சாய்க்கவும் சொல்லும் குறியாக எடுத்துக்கொள்ளும், புரோகிராம் உருமாறிவிடும். ஃபைலாகவே அனுப்புங்கள். இரண்டு வரிதான் என்றால் முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் (` என்ற குறி) போட்டு அனுப்பலாம். ஸ்கிரீன்ஷாட் எரரைக் காட்ட உதவும், ஓட்டிப் பார்க்க உதவாது.

லேப்டாப் இல்லாதவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலே பைத்தான் ஓட்டும். சின்னத் திரை கண்ணை உறுத்தும், ஆனால் ஆரம்பப் பாடங்கள் மொத்தத்தையும் அதில் முடித்துவிடலாம். ஜோடியில் ஒருவரிடம் லேப்டாப்பும் இன்னொருவரிடம் போனும் இருந்தால், நேரில் சந்திக்கும் நாட்களில் போன்காரர் அதிக நேரம் டைப் செய்யட்டும்.

ஏஐ இருக்கும்போது ஆள் எதற்கு?

இந்தக் கேள்வியை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சாட்ஜிபிடி போன்றவை எரரை நொடியில் விளக்கிவிடும், ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்லும். உதவிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நாலு நாள் வரவில்லை என்றால் அது கூப்பிட்டுக் கேட்காது. நீங்கள் புரிந்தது போல் தலையாட்டினால் அதுவும் நம்பிவிடும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். இருவரும் இப்படி ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: எரர் வந்தால் முதல் பதினைந்து நிமிஷம் நாம் இருவர் மட்டும். அதற்கும் பிடிபடவில்லை என்றால் ஏஐ. அது சொன்னதை ஒருவர் மற்றவருக்குச் சொந்த வார்த்தையில் விளக்கிய பிறகுதான் கோடில் சேர்ப்பது.

சேர்ந்து ஒரு பொருள் செய்யுங்கள்

மூன்றாவது மாதத்திலாவது பாடப் பயிற்சிகளை விட்டு, வீட்டில் யாராவது உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் ஒன்றைச் செய்ய ஆரம்பிக்க வேண்டும். கொழுந்துக் கணக்கையே வளர்க்கலாம். தினசரி எடை, மழை நாளில் ஈரத்துக்குக் கழித்தது, மாதக் கடைசியில் கிலோவுக்கு வந்த விலை, கையில் வர வேண்டிய தொகை. ஃபேக்டரி சீட்டோடு ஒப்பிட்டு அம்மாவோ அப்பாவோ "சரியா இருக்கு" என்று சொல்லும்போது வரும் சந்தோஷம் எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

அதில் தமிழ்ப் பெயர்களோடு அட்டவணை போட்டுப் பாருங்கள், கட்டங்கள் கோணலாக நிற்கும். "நீலகிரி" என்ற சொல்லுக்கு, நீளத்தை எண்ணும் லென் ஃபங்ஷனைப் போட்டால் பைத்தான் 7 என்று சொல்லும். நாம் எண்ணினால் நீ, ல, கி, ரி என்று 4 எழுத்து. உயிர்மெய்யில் வரும் ி, ீ போன்றவற்றைக் கம்ப்யூட்டர் தனிக் குறியாக வைத்திருப்பதால் வரும் வித்தியாசம் இது. ஓபன்-தமிழ் என்ற இலவச பைத்தான் நூலகத்தை (பிறர் எழுதிவைத்த கோடின் தொகுப்பை) சேர்த்தால் எழுத்துகளை நம்மைப் போலவே எண்ணித் தரும். ஆனால் அதற்கு முன், அந்த நாலு எழுத்தை எண்ணும் ஃபங்ஷனை இருவரும் சொந்தமாக எழுதிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குத் தீனி போடும்.

வேலைகளைப் பிரிக்கும்போது "நீ ஃபைல், நான் கணக்கு" என்று நிரந்தரமாகப் பிரிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு பாதியே தெரியாமல் போய்விடும். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துச் சரி சொன்ன பிறகே கிட்ஹப்பில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இருவருக்கும் பழகும்.

ஒத்து வரவில்லை என்றால்

இரண்டு முறை சொல்லாமல் வராமல் போனால் கோபப்படாமல் ஒரு போன் போடுங்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கலாம், பாடம் கடினமாகி வெட்கத்தில் ஒதுங்கியிருக்கலாம். இரண்டாவது என்றால் ஒரு பாடம் பின்னால் போய்ச் சேர்ந்தே மறுபடி ஆரம்பியுங்கள், அதில் உங்களுக்கும் நஷ்டம் இல்லை. ஆர்வமே போய்விட்டது என்றால் இழுத்துப் பிடிக்க வேண்டாம். "இப்போதைக்கு நிறுத்திக்கலாம், உங்களுக்கு மறுபடி தோணினா சொல்லுங்க" என்று நட்போடு முடித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர், நாளைக்கே மார்க்கெட்டில் பார்க்க வேண்டியிருக்கும்.

வேகம் மிகவும் விலகிப்போனாலும் பிரிவதில் தப்பில்லை. முன்னால் போனவர் மாதம் ஒருமுறை வந்து கோடைப் பார்த்துக் கொடுக்கலாம், பின்னால் இருப்பவர் தன் அளவில் வேறு ஆளைத் தேடலாம்.

ஒருவருக்கு வேலை கிடைத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் நாள் வந்தால், சேர்ந்து எழுதிய புரோஜெக்ட் இருவர் கிட்ஹப் கணக்கிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகிறவர் கிளம்பும் முன் ரீட்மீ ஃபைலில் புரோகிராமை எப்படி ஓட்டுவது, எது அரைகுறையாக நிற்கிறது என்று எழுதிவைக்கட்டும். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்ததும் முதல் வாரத்திலேயே பழைய கோடை அவர் கையில் கொடுத்து, வரி வரியாகப் படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கு ரீட்மீயில் பதில் இல்லை என்றால் அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து எழுதிச் சேர்த்துவிடுங்கள்.